ஓடாத காருக்கு மெருகு எதற்கு?

வட இத்தாலியின் தூரின் நகரத்துப் புறப்பகுதியில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நிலவறைக் கராஜில்தான் அந்தக் காரை முதன்முதலாகக் கண்டேன். பணி நிமித்தமாக நான் அந்நகரில் தங்கியிருந்த காலம் அது. என்னுடன் பணியாற்றி ஓய்வுபெற்ற இத்தாலிய நண்பர் ஒருவர், தமது உடைமைகளுள் எல்லாவற்றினும் உயர்ந்ததெனக் கருதிய ஒன்றைக் காட்டுவதற்காக என்னை அழைத்துச் சென்றிருந்தார். பருத்தித் துணியாலான உறையை அவர் இரு கைகளாலும் மெல்ல உருவியபோது, 1974ஆம் ஆண்டின் ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் ஒன்று செந்நிறத்தில் சுடர்ந்தது. தலைக்கு மேல் எரிந்த குழல்விளக்கு அதன் பானெட்டில் ஒரு நெளிவும் இன்றித் தெரிந்தது. ஒன்பது ஆண்டுகளாக ஒரு மழைத்துளிகூட இதன்மீது விழுந்ததில்லை என்று பெருமிதத்துடன் சொன்னார்.

ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் முகம் சற்றே மாறியது. சாவியைத் திருப்பினார், பேட்டரியில் உயிர் இல்லை. பக்கத்துக் காரிலிருந்து மின்சாரம் கொடுத்தோம். ஸ்டார்ட்டர் சுழன்றது, என்ஜின் பிடிக்கவில்லை. பெட்ரோல் தொட்டியைத் திறந்தபோது எழுந்த நெடி பெட்ரோலின் நெடியாக இல்லை. பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்தது போலிருந்தது. காரை வெளியே தள்ளலாம் என்று முயன்றால் பின்சக்கரங்கள் இரண்டும் அசைய மறுத்தன. பிரேக் பட்டைகள் தட்டோடு ஒட்டி இறுகிப் போயிருந்தன.

மேனியில் ஒரு கீறலும் இல்லாத அந்தக் காரை இழுவை வண்டியில் ஏற்றித்தான் பட்டறைக்குக் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. அன்று தொடங்கிய ஒரு கருத்து, பின்னர் அங்கே பல கராஜ்களையும் பட்டறைகளையும் பார்த்த பிறகு உறுதிப்பட்டது. பழைய கார்களைப் போற்றுவோரில் பெரும்பாலோர் அவற்றைப் பராமரிப்பதில்லை, துடைக்கிறார்கள். இவ்வகைக் கார்களை அழிப்பது சாலை அன்று, உறை.

இந்தக் காரின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். ஆல்ஃபா ரோமியோ 1910இல் மிலான் நகரில் தோன்றிய நிறுவனம். அதன் முத்திரையில் காணப்படும் சிவப்புச் சிலுவையும் மனிதனை விழுங்கும் பாம்பும் அந்நகரத்தின் பழஞ்சின்னங்கள். 1966ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜெனீவா கார் கண்காட்சியில் ஸ்பைடர் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. உருவத்தை வகுத்தது தூரின் நகரத்துப் பினின்ஃபரினா நிறுவனம். அதன் நிறுவனர் பத்திஸ்தா ஃபரினா அடுத்த மாதமே காலமானார். அவர் பார்வையில் உருப்பெற்ற கடைசிக் கார் இது என்பர். பெயர் சூட்டுவதற்குப் போட்டி நடத்தி, இருவர் இணைந்து பாடும் இசையைக் குறிக்கும் 'துயெத்தோ' என்னும் சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். இருக்கை இரண்டே அல்லவா! முன்னும் பின்னும் ஒருபோல் வளைந்து குவிந்த அதன் வடிவைப் பார்த்த இத்தாலியர், கணவாய் மீனின் ஓடு என்று செல்லப் பெயரிட்டனர். 1967இல் வெளிவந்த 'தி கிராஜுவேட்' திரைப்படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் ஓட்டிச் சென்றது இத்தகையதொரு சிவப்பு ஸ்பைடரைத்தான். 1970இல் வால்பகுதியை நேராக வெட்டியது போல் மாற்றினார்கள். அதன்பின் பம்பர்களும் விளக்குகளும் பலமுறை மாறினாலும், அடிப்படை உருவம் 1993 வரை நீடித்தது. இருபத்தேழு ஆண்டுகளில் ஏறத்தாழ 1,24,000 கார்கள் வெளிவந்தன. எனவே இது அரிதினும் அரிதான பொருள் அன்று. மன்னர்களுக்கும் கோடீசுவரர்களுக்கும் என்று செய்யப்பட்டதும் அன்று. மாதச் சம்பளக்காரர் ஒருவர் சற்றே முயன்றால் வாங்கக்கூடியதாக இருந்த உல்லாசக் கார். அதுவே அதன் அழகு.

என் நண்பருடைய காரில் இருந்தது 1962 சி.சி. என்ஜின். நான்கு சிலிண்டர், அலுமினியக் கட்டுடல், தலைப்பகுதியில் இரண்டு கேம்ஷாஃப்டுகள், இரட்டைவாய்க் கார்புரேட்டர்கள் இரண்டு, ஐந்து கியர்கள், நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். இன்று இவை வியப்பூட்டா. அன்று, இந்த விலைக்கு இவையனைத்தையும் ஒருங்கே தந்தவர்கள் மிகச் சிலர். ஆயினும் இத்தகைய என்ஜின் தனக்குரிய மரியாதையை எதிர்பார்க்கும். அந்த மரியாதையில் முதலாவது, அதைத் தவறாமல் சூடேற விடுவது.

ஒன்பது ஆண்டுகள் நின்றதால் நேர்ந்தவை என்னென்ன என்று பட்டறை மெக்கானிக் மேசைமீது வரிசையாக வைத்துக் காட்டினார். அறுபது வயதைக் கடந்தவர். ஸ்பைடர்கள் பட்டறைக்குப் புதிதாக வந்த நாள்தொட்டுக் கைவைத்தவர். கார்புரேட்டரின் கிண்ணங்களில் பெட்ரோல் ஆவியாகிப் போய், அடியில் தேன்நிறப் பசை மட்டும் படிந்திருந்தது. தலைமயிர் நுழையும் அளவேயான துளைகள் அதனால் அடைபட்டிருந்தன. பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. அந்த ஈரம் உள்ளிருந்த உருளைகளைத் துருப்பிடிக்கச் செய்து, அவற்றை நகராமல் பூட்டியிருந்தது. கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ரப்பர் குழாய்களை விரலால் அழுத்தியபோது பொரித்த அப்பளம் போல் நொறுங்கின. டயர்களில் ஆழமான வரிகள் அப்படியே இருந்தன. ஆனால் பக்கவாட்டில் வெடிப்புகள். ஓட்டாததால் தேயவில்லை, வயதால் செத்திருந்தன. இருக்கைக்கு அடியில் எலி ஒன்று குடும்பம் நடத்திய அடையாளமும் இருந்தது. உறை எலிக்கும் நல்ல போர்வைதானே.

ரேடியேட்டரைப் பற்றி மட்டும் அவர் தணிந்த குரலில் பேசினார். அலுமினிய என்ஜினுக்குள் நிற்கும் குளிர்திரவத்தில் துருத்தடுப்பு மருந்து இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் வலுவிழந்துவிடும். பிறகு அது வெறும் நீராகி அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும். சிலிண்டர் தலைக்கும் உடலுக்கும் இடையேயுள்ள கேஸ்கெட் இந்த என்ஜினில் எப்போதுமே சற்று நோஞ்சான். எண்ணெய் மேலேறும் வழிகளைச் சுற்றியுள்ள சிறு ரப்பர் வளையங்கள் இறுகிவிட்டால் கசிவு தொடங்கும். அரிப்பும் அதனுடன் சேர்ந்துகொண்டால் தலைப்பகுதியைக் கழற்றித்தான் ஆகவேண்டும். ஆண்டுக்கொரு முறை திரவங்களை மாற்றியிருந்தால் ஆகியிருக்கும் செலவையும், இப்போது ஆன செலவையும் நண்பர் ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். பிறகு அத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், எனக்குக் காட்டவில்லை.

"ஓட்டாவிட்டாலும் மாதம் ஒருமுறை கராஜிலேயே ஐந்து நிமிடம் என்ஜினை ஓட விடுகிறேன்" என்று சொல்வோரும் உண்டு. இது அறவே செய்யாதிருப்பதினும் தீது. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. என்ஜின் முழுச்சூட்டை அடையுமுன் அணைத்துவிட்டால் அந்த நீர் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் தங்கிவிடும். இந்தக் காரின் எண்ணெய்த் தொட்டி ஆறு லிட்டருக்கும் மேல் கொள்ளும் பெரிய அலுமினியப் பாத்திரம். குளிர்நீரின் முள் நடுவே வந்து நின்ற பிறகும் எண்ணெய் சூடாகப் பத்து நிமிடத்துக்கு மேலாகும். எனவே ஓட்டினால் முப்பது நாற்பது கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும்; இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறையாவது ஓட்ட வேண்டும். பராமரிப்பின் பாதி இதிலேயே முடிந்துவிடுகிறது என்பது என் கருத்து. எஞ்சிய பாதியை எண்ணெய் மாற்றமும், வால்வு இடைவெளியைச் சரிபார்ப்பதும், கார்புரேட்டர்களை என்ஜினோடு இணைக்கும் ரப்பர் தாங்கிகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் நிறைவுசெய்யும். இத்தாங்கிகள் வெடித்தால் காற்று உட்புகுந்து என்ஜின் இருமும். பலர் அதைக் கார்புரேட்டரின் குற்றமென்று எண்ணி அதைப் பிரித்துப் போடுவார்கள்.

ஓட்டும் முறையும் பராமரிப்பைச் சேர்ந்ததே. ஆல்ஃபா ரோமியோவின் அக்காலக் கியர்பாக்ஸில் இரண்டாவது கியரின் சின்க்ரோ வளையம் மெலிவானது. காலையில் முதல் சில கிலோமீட்டர்களுக்கு இரண்டாவது கியருக்கு மாற்றும்போது ஒரு நொடி தாமதித்து, கைப்பிடியைத் தள்ளாமல் அது தானே உள்ளே செல்லும்படி விட வேண்டும். அவசரப்பட்டால் கரகரவென்று ஓசையெழும். அவ்வோசை ஒவ்வொன்றும் வளையத்தில் ஒரு தேய்மானம். நண்பருக்கு இது கைவந்த கலை. அவருக்குப் பின் இக்காரை ஓட்டப்போகும் அவருடைய மகளுக்கு இன்னும் வரவில்லை. நிறுத்தி வைத்த காரில் இதைக் கற்பிக்க இயலாது அல்லவா?

இனி மெருகு. நான் அதற்கு எதிரியல்லன். நன்றாகக் கழுவித் துடைத்த செந்நிற ஸ்பைடரின்மேல் மாலை வெயில் விழுவதைக் கண்டவர் எவரும் அதற்கு எதிரியாக இருக்க முடியாது. ஆனால் மெருகேற்றுதல் என்பது அழிப்பது என்பதை அறிந்தே செய்ய வேண்டும். அக்காலத்துக் கார்களில் பெரும்பாலும் நிறமே மேற்பூச்சு. இன்றைய கார்களைப் போல நிறத்துக்கு மேலே தெளிந்த காப்புப் பூச்சு இல்லை. தேய்க்கும்போது துணி சிவந்தால், துணியில் ஒட்டியிருப்பது அழுக்கன்று, காரின் நிறம். மொத்தப் பூச்சின் பருமனும் ஒரு தலைமயிரின் பருமனைவிட அவ்வளவொன்றும் மிகுதியில்லை. ஆண்டுதோறும் சுழல்பொறி கொண்டு கண்ணாடிபோல் ஆக்க நினைத்தால், விளிம்புகளிலும் மடிப்புகளிலும் விரைவில் அடிப்பூச்சு எட்டிப் பார்க்கும். பிறகு முழுக்காரையும் புதிதாகப் பூச வேண்டியதுதான். புதிதாகப் பூசிய காரில் 1974ஆம் ஆண்டின் பூச்சு இல்லை. தொழிற்சாலையில் பூசிய பூச்சு ஒருமுறைதான் உண்டு; போனால் போனதுதான்.

ஆகவே வெயிலில் வெளுத்து, சுண்ணாம்பு படிந்தாற்போல் ஆகிவிட்ட சிவப்பை மீட்பதற்கு ஒருமுறை, மிக மென்மையான பசையால், கையால் தேய்க்கலாம். அதன்பின் தேய்ப்பதை விட்டுவிட்டு மெழுகு பூசிக் காக்க வேண்டும். பிரேசில் நாட்டுப் பனைவகை ஒன்றின் ஓலையிலிருந்து கிடைக்கும் கார்னாவ்பா மெழுகு இதற்கு நல்லது. சில மாதங்களே நிற்கும், மறுபடி பூச வேண்டும். ஆனால் பூச்சைச் சுரண்டாது. இன்று எல்லாரும் பரிந்துரைக்கும் செராமிக் பூச்சை இதன்மீது இடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது புதிய காருக்கு உரியது. பழைய பூச்சின்மேல் அதை இடுவதற்குமுன் ஒருமுறை நன்றாகத் தேய்த்தே ஆகவேண்டும் என்பார்கள்; அந்த ஒருமுறைதான் தவிர்க்க வேண்டியது.

கழுவுவதில் முறையுண்டு. நிழலில், உலோகம் குளிர்ந்திருக்கும்போது, மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். சோப்பு நீருக்கு ஒரு வாளி, துணியை அலசுவதற்கு வேறொரு வாளி. சக்கரங்களுக்குத் தனித்துணி, பிரேக் தூளில் உள்ள இரும்புத்துகள் பானெட்டுக்கு வந்தால் கீறல்தான். உயரழுத்த நீர்ப்பீய்ச்சியை இந்தக் கார் பக்கமே கொண்டுவரலாகாது. அது ரப்பர் விளிம்புகளைக் கடந்து கூரை மடிப்புக்குள்ளும் கதவுக்குள்ளும் நீரைச் செலுத்தும்.

கூரையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஓட்டுநர் இருக்கையை விட்டு எழாமலே ஒரு கையால் மேலிழுத்துப் போடக்கூடிய கூரை இது. அரை நூற்றாண்டுக்குமுன் பிற நாட்டுத் திறந்த கார்களில் கம்பியும் பொத்தானும் பட்டையுமாகப் போராடியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று தெரியும். ஆனால் பின்புறச் சாளரம் கண்ணாடியன்று, வளையும் பிளாஸ்டிக். குளிர்காலக் காலையில், அது விறைத்திருக்கும்போது மடக்கினால் நடுவே விரிசல் விழும். வெயிலில் சற்றே இளகிய பிறகு, மடிப்புக்கு இடையே ஒரு மெல்லிய துணியை வைத்து மடக்க வேண்டும். ஈரமான கூரையை ஒருபோதும் மடக்கி வைக்கக்கூடாது, பூஞ்சை பிடிக்கும். மழையில் நனைந்து வந்தால், கூரையை உயர்த்தியபடியே காய விட்டு, கதவைத் திறந்து, தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

அந்தத் தரைவிரிப்பே உண்மையான பரிசோதனை. ஸ்பைடரைக் கொல்லும் நோய் ஒன்றே, துரு. அது மேலே தெரியாது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற உலோகப் பகுதியில், தரைத்தகட்டின் முன்மூலைகளில், உபரிச் சக்கரம் வைக்கும் குழியில், ஜாக்கி பொருத்தும் இடங்களில் உள்ளிருந்து தொடங்கும். கூரை இல்லாத காருக்கு இந்தக் கீழ்ப்பெட்டிகளே முதுகெலும்பு. அவை இற்றுவிட்டால் கூரையைத் திறந்த நிலையில் கதவு இறுகும், அல்லது சாத்தவே சாத்தாது. நீர் வடியும் சிறு துளைகள் இலையாலும் தூசாலும் அடைபட்டாலே போதும். மழைநீர் மாதக்கணக்கில் உள்ளே தேங்கும். ஆகவே கழுவித் துடைப்பதன் தலையாய பயன் பளபளப்பன்று. கைகள் ஒவ்வோர் அங்குலத்தையும் தொடுகின்றன என்பதே. சென்ற மாதம் இல்லாத கொப்புளம் ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். ஒரு துளை அடைபட்டிருப்பது தெரியும். தொழில்முறைக் கடையில் கொடுத்து மின்னச் செய்து வாங்கி வருவோருக்கு இச்செய்தி கிட்டுவதில்லை.

வாங்க விரும்புவோருக்கும் இதையே சொல்வேன். மின்னும் காரைக் கண்டால் ஐயுறுங்கள். சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். பட்டி பூசி மறைத்த இடத்தில் அது ஒட்டாது. பூச்சு மங்கியிருந்தாலும் கீழ்த்தகடு உறுதியாக உள்ள கார், பூச்சு மின்னிக் கீழ்த்தகடு இற்ற காரைவிட ஆயிரம் மடங்கு மேல். என்ஜினைச் செப்பனிடலாம், அதற்கான உதிரிபாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. இற்ற உடலுக்கு வேலை செய்வது, தகடு வெட்டிப் பற்றவைக்கும் கைவினைஞரின் நாட்கணக்கான கூலி. அதற்கு எல்லை சொல்ல முடியாது.

வங்கி இதழொன்றில் எழுதுவதால் பணத்தைப் பற்றிச் சொல்லாமல் தப்ப முடியாது. பழைய கார்களை முதலீடு என்று பேசும் வழக்கம் பெருகி வருகிறது. அது அவற்றுக்கு நேர்ந்த பெருங்கேடு என்று நினைக்கிறேன். முதலீடென்று வாங்குபவர் ஓட்டமாட்டார். கிலோமீட்டர் ஏறினால் மதிப்பிறங்கும் என்று அஞ்சுவார். ஓட்டாததால் கார் உள்ளே அழியும். ஆக, எதைக் காக்க நினைத்தாரோ அதையே இழப்பார். விலை உயர்ந்த சில ஆண்டுகளையே பார்த்துவிட்டு, காப்பீடு, கராஜ் வாடகை, எண்ணெய், டயர், ஒவ்வொரு கோடையிலும் புதிதாக முளைக்கும் ஏதோவொரு கசிவு ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். நானாக வைத்துக்கொண்ட கணக்கு இது: வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் தனியே எடுத்து வைக்க முடியாதவர் இதனை வாங்க வேண்டாம். கடன் பெற்று வாங்குவதும் கூடாது. இவ்விதழை வெளியிடுவோர் என்னைப் பொறுத்தருள்வாராக.

ஓட்டவேண்டும் என்று நான் சொல்வதை மறுப்போர் கூறும் காரணங்களும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. இக்காரில் காற்றுப்பை இல்லை. புகையைத் தூய்மையாக்கும் கருவி இல்லை. ஒரு மோதலில் அதன் அழகிய மூக்கு நம்மைக் காப்பாற்றாது. அருங்காட்சியகத்தில் வைப்பதே முறை என்கிறார்கள். மிலானை அடுத்த அரேசேயில் ஆல்ஃபா ரோமியோவின் அருங்காட்சியகம் இருக்கிறது, நானும் பார்த்திருக்கிறேன். அங்குள்ள பழங்கார்களிலும் சில, ப்ரெஷியாவிலிருந்து ரோம் சென்று திரும்பும் 'மில்லே மிலியா' பழங்கார் ஓட்டத்துக்கு வெளியே எடுத்துச் செல்லப்படுகின்றன. அருங்காட்சியகத்தாரே ஓட்டுகிறார்கள்! ஆண்டுக்கு ஓராயிரம் கிலோமீட்டர் ஓடும் காரின் புகை, நாள்தோறும் அலுவலகம் செல்லும் காரின் புகையோடு ஒப்பிடத்தக்கதன்று. நகர நெரிசலில் அதை ஓட்டவேண்டும் என்று நானும் சொல்லவில்லை. அது காருக்கும் நல்லதில்லை.

இத்தாலியர் இதைச் சட்டத்திலேயே ஓரளவு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளைக் கடந்த தனியார் கார்களுக்கு அங்கே வழக்கமான சாலைவரி இல்லை. சாலைக்குக் கொண்டுவரும் ஆண்டில் சிறுதொகை ஒன்றைச் செலுத்தினால் போதும். ஓட்டுவதற்குத் தடை விதிக்காமல், ஓட்டும் ஆண்டுக்கு மட்டும் கட்டணம் கேட்கிறார்கள். பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்ட சாசனம் தூரின் நகரின் பெயரையே தாங்கி நிற்கிறது. அதுவும் பாதுகாத்தலையும் பயன்படுத்துதலையும் அடுத்தடுத்து வைத்தே பேசுகிறது.

நம் நாட்டில் 2021இல் பழம்பெரும் வாகனங்களுக்கான விதிகள் வந்தன. ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூலவடிவம் மாறாத வாகனங்களுக்கு 'வி.ஏ.' என்னும் எழுத்துகளோடு தனிப்பதிவு; புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். இவற்றைக் கழிவிரும்பாகக் கருதாமல் மரபுச்செல்வமாகக் கருதிய விதிகள் என்ற அளவில் வரவேற்கத்தக்கவை. ஆனால் அவ்வாறு பதிவுபெற்ற வாகனத்தைக் கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பழங்கார் ஊர்வலம், எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு ஆகியவற்றுக்கே சாலையில் ஓட்டலாம். வழக்கமான பயன்பாட்டுக்கு அனுமதியில்லை. பராமரிப்பு என்ற அச்சொல்லுக்குள் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை நாற்பது கிலோமீட்டர் ஓட்டுவது அடங்குமா என்பதை விதி தெளிவாகச் சொல்லியிருக்கலாம். அடங்க வேண்டும் என்பதே என் வாதம். பட்டறைக்குச் செல்லும் வழி மட்டும் பராமரிப்பன்று, ஓடுவதே பராமரிப்பு.

இதற்குச் சான்று தேடி இத்தாலிவரை செல்ல வேண்டியதுகூட இல்லை. ஃபியட் 1100 என்ற இத்தாலியக் காரை மும்பையில் உருவாக்கி, பின்னர் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாற்றி விற்றதை இவ்விதழின் வாசகர் பலர் அறிவர். சிலர் வீட்டில் அது நின்றிருக்கும். அவற்றுள் நெடுநாள் வாழ்ந்தவை பெரிய வீடுகளின் கராஜ்களில் உறங்கியவை அல்ல. மும்பைத் தெருக்களில் கறுப்பும் மஞ்சளுமாய் இரவு பகல் ஓடிய டாக்சிகளே. 2023 அக்டோபரில் அவற்றின் கடைசி வண்டி சாலையை விட்டு இறங்கியதும் என்ஜின் தோற்றதால் அன்று. டாக்சிகளுக்கான வயது வரம்பு முடிந்ததால். மேனியில் ஒட்டும் வெட்டுமாக, எத்தனையோ கைகள் செப்பனிட்டவை அவை. அவற்றைத் துடைத்த துணியில் மெழுகு இருந்ததில்லை.

தூரின் நண்பரின் கார் பட்டறையிலிருந்து திரும்ப ஏழு மாதமாயிற்று. அவர் அதை ஒன்பது ஆண்டுகள் பொத்தி வைத்திருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பொலோனியாவிலிருந்து ஃபுளோரன்சுக்குச் செல்லும் பழைய மலைப்பாதையில், மணமான புதிதில் வேறொரு காரில் சென்றது போல, இந்த ஸ்பைடரில் மனைவியோடு ஒருமுறை செல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். ராத்திகோசா, ஃபூத்தா என்னும் இரு கணவாய்களைக் கடக்கும் சாலை அது. இரண்டும் ஏறத்தாழ 900 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளன. பழைய 'மில்லே மிலியா' பந்தயக் கார்கள் ரோமிலிருந்து வடக்கே திரும்பிய வழி. ஓய்வுபெற்றபின், வேலையெல்லாம் முடிந்தபின், கார் சிறிதும் பழுதுபடாத நிலையில் இருக்கும்போது செல்வதெனத் திட்டமிட்டிருந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் மனைவிக்கு முதுகுத்தண்டில் அறுவை நடந்தது. தரையோடு தாழ்ந்த அந்த இருக்கையில் இறங்கி அமர மருத்துவர் அனுமதிக்கவில்லை.

அந்த மே மாதத்தில் அவர்கள் சென்றார்கள். அவருக்குப் பக்கத்தில் நான் அமர்ந்தேன். அவர் மனைவி மகளின் காரில் பின்னால் வந்தார். கூரையை மடக்கியிருந்தோம். ராத்திகோசாவுக்கு ஏறும் வளைவுகளில் மூன்றாவது கியரில் என்ஜின் 4,000 சுற்றைக் கடந்தபோது, கார்புரேட்டர்களின் உறிஞ்சொலியும் புகைக்குழாயின் ஒலியும் ஒன்றாய்ச் சேர்ந்து எழுந்தன. அதற்குப்பின் நாங்கள் பேசவில்லை. இருபுறமும் செஸ்ட்நட் மரங்கள் துளிர்த்திருந்தன. எதிரே வந்த லாரியின் சக்கரம் தெறித்த கல்லொன்று மூக்குப் பகுதியில் பட்டு டிக்கென்றது. நண்பர் தலையைத் திருப்பவில்லை. ஃபூத்தாவின் உச்சியில், சாலையோர உணவகத்தின் முன் இறங்கி, அரிசியளவு பெயர்ந்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஊர் திரும்பியதும் தூரிகையால் ஒரு பொட்டு வைத்தால் துரு ஏறாது என்றேன். வைப்பேன் என்றார். பின்கார் வந்து நின்றது. கதவைத் திறந்து மனைவியைக் கைதாங்கி இறக்கச் சென்றார்.